அரக்கும் அழுக்கும்

பஞ்சில் கருப்பு வந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுபத்தைந்து வருஷத்து அழுக்கு இறங்குகிறது என்று நினைத்தேன். 1983, சித்திரை மாதத்து மத்தியானம். கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டு ரேழி. தரையில் விரித்த துண்டின் மேல் ஒரு பத்து அங்குலக் கிராமபோன் தட்டு. என் கையில் ஸ்பிரிட் பாட்டிலும் ஒரு பொட்டலம் பஞ்சும்.

அந்தத் தட்டு தாத்தா வாங்கியது. லேபிளை இராமபாணப் பூச்சி தின்று தீர்த்திருந்தது. இறகுப் பேனாவோடு உட்கார்ந்திருக்கும் தேவதையின் ஒரு இறக்கையும் விளிம்பில் சில ஆங்கில எழுத்துகளும்தான் மிச்சம். நாய்ப் படம் வருவதற்கு முன் கிராமபோன் கம்பெனி வைத்திருந்த முத்திரை அது. பாடுகிறவள் ஒரு பெண். மைக் இல்லாமல், தகரக் குழலின் வாயருகே முகத்தை வைத்து உரக்கப் பாடவேண்டியிருந்த காலத்துக் குரல். பாட்டு முடிந்ததும் அவள் தன் பெயரைச் சொல்கிறாள். அந்நாளில் அது வழக்கம். மெழுகில் எடுத்த பதிவு கப்பலேறி ஜெர்மனியில் ஹனோவர் நகரத்துத் தொழிற்சாலைக்குப் போகும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நம் பாஷைகள் தெரியாது. எது யார் பாடியது என்று குழம்பாமலிருக்கப் பாடியவரே கடைசியில் பெயரைச் சொல்லிவிடுவார். 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் பதிவு செய்த கௌஹர் ஜான், தன் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பதை இன்றும் கேட்கமுடிகிறது. தாத்தாவின் தட்டில் எனக்குக் கேட்டது ஊர்ப் பெயரின் முதல் அசையும், முடிவில் 'அம்மாள்' என்பதும் மட்டுமே. நடுவில் இருந்த பெயர் கரகரப்பில் புதைந்திருந்தது.

அந்தப் பெயரைக் கேட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் துடைக்க உட்கார்ந்தேன். ஆகவே லேபிளை ஒட்டிய உட்சுற்றுகளில்தான் அதிகம் தேய்த்தேன். பஞ்சு கருத்தது. மாற்றினேன். மறுபடியும் கருத்தது. நாலாவது பஞ்சில் விரல் நுனி தட்டில் ஒட்டியது. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் உட்சுற்றுகளில் வரிகளே இல்லை. பிசுபிசுவென்று ஒரு மெழுகல். பஞ்சில் வந்துகொண்டிருந்தது தட்டு.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்த ஸ்பிரிட் நான் கடையில் வாங்கியதல்ல. இரண்டு வாரத்துக்கு முன் ஆசாரி வந்து கிராமபோன் பெட்டிக்குப் பாலிஷ் போட்டுவிட்டுப் போயிருந்தார். அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுக் கரைத்து, துணிப் பந்தில் தோய்த்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர் மீத்துவிட்டுப் போன பாட்டில்தான் என் கையில் இருந்தது. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும் என்ற ஞானம் அந்த வீட்டு ரேழியிலேயே இருந்தது. தட்டு அரக்கால் ஆனது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாது.

சங்கீதத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் எனக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ராகம், பாணி, பரம்பரை எல்லாவற்றையும் பற்றி நம்மிடம் எழுத்து உண்டு. 1938-இல் மறைந்த வீணை தனம்மாளைப் பற்றியோ, 1933-இல் இருபத்தேழு வயதில் மறைந்த கிட்டப்பாவைப் பற்றியோ எழுதும்போது, அவர்களை நாம் எந்தப் பொருளின் வழியாகக் கேட்கிறோம் என்ற கேள்வி எழுவதில்லை. கிட்டப்பா பேசும்படம் எதிலும் நடிக்காதவர். அவர் குரலாக நமக்கு எஞ்சியிருப்பதெல்லாம் அரக்கில் பதிந்ததுதான். பின்னாளில் வந்த எல்லா மறுபதிப்புகளும் அந்த அரக்கிலிருந்து எடுக்கப்பட்டவையே. அந்தப் பொருளின் சரித்திரம் தெரியாமல் அந்தக் குரலை விமர்சிக்க முடியாது என்றே எனக்குப் படுகிறது.

அரக்கு நமக்குப் புதிய சமாசாரமில்லை. பாண்டவர்களைக் கொளுத்தக் கட்டிய மாளிகை அரக்கால் ஆனது. தட்டான் நகையின் உள்கூட்டை நிரப்புவது அரக்கு. கடிதத்தின் மேல் முத்திரையிடுவதும் அரக்கு. புரசு, இலந்தை, குசும் மரங்களின் கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் ஒரு சிறு பூச்சி, தன்னைச் சுற்றிக் கசியவிட்டுக் கட்டிக்கொள்ளும் கூடுதான் அது. உலகத்துக்கு அரக்கு போனதில் பெரும்பகுதி நம் சோட்டா நாக்பூர்க் காடுகளிலிருந்து போனது. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924-இல் அரக்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது என்றால் அந்த வியாபாரத்தின் பரிமாணத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

எமில் பெர்லினர் 1887-இல் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் கெட்டி ரப்பரில் தட்டுகள் செய்து பார்த்தார்கள். ரப்பர் சீராகப் படியவில்லை. 1890களின் நடுவில் அரக்குக் கலவைக்கு மாறினார்கள். சூட்டில் குழைந்து அச்சின் நுண்ணிய வரிகளையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஆறியதும் கல்லாக இறுகுகிற குணம் அதற்கு இருந்தது. ஆகச் சோட்டா நாக்பூர்ப் பூச்சியின் எச்சில் கல்கத்தா வழியாக ஐரோப்பாவுக்குப் போய், அங்கே நம் ஊர்ப் பெண்ணின் குரலை வாங்கிக்கொண்டு, மறுபடி கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. கல்கத்தாவில் சியால்தா தொழிற்சாலை 1908-இல் தொடங்கிய பிறகுதான் இந்தச் சுற்றுப் பயணம் நின்றது. 1928-இல் தொழிற்சாலை டம்டம்முக்கு மாறியது.

தட்டு முழுவதும் அரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. அரக்கு கால் பங்கோ அதற்குக் குறைவோதான். அது மற்றவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் பிசின். மீதி பலகைக்கல் பொடி, சுண்ணாம்புக்கல் பொடி, பஞ்சு இழை, நிறத்துக்குக் கரி. கல்பொடி சும்மா கனத்துக்காகச் சேர்த்ததில்லை. அதன் காரணம் விசித்திரமானது. எஃகு ஊசியின் முனை தட்டின் வரிக்குச் சரியாகப் பொருந்தி வருவதில்லை. முதல் சில சுற்றுகளிலேயே தட்டு ஊசியை அரைத்துத் தன் வரியின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்காகத்தான் தட்டில் கல் வைத்தார்கள். அப்படி அரைபட்ட ஊசி ஒரு பக்கம் பாடி முடிக்கும்போது தட்டையாகிக் கத்திபோல ஆகியிருக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் புது ஊசி போட வேண்டும். இருநூறு ஊசிகள் கொண்ட சின்னத் தகர டப்பாக்கள் விற்றது இதனால்தான். அந்த டப்பாக்களில் பின்னாளில் எங்கள் பாட்டிகள் பொடி வைத்துக்கொண்டார்கள்.

பழைய தட்டில் நாம் கேட்கும் அந்தத் தொடர்ந்த இரைச்சல், அடைமழை ஓட்டின் மேல் விழுவது போன்றது, இந்தக் கல்பொடியின் சத்தம். தட்டு பிறக்கும்போதே உடன் பிறந்தது. அதை எந்தத் தண்ணீரும் கழுவிவிடாது.

1925-க்குப் பிறகு மின்சாரப் பதிவு வந்தது. பாடகன் குழலுக்குள் கத்தவேண்டிய அவசியம் போயிற்று. 1920களின் இறுதியிலும் 30களிலும் தமிழ்நாட்டில் கிராமபோன் பரவிய வேகம் இங்கே புதுமையாக இருந்தது. மெய்யப்பச் செட்டியார் சினிமாவுக்குப் போவதற்கு முன் கூட்டாளிகளோடு நடத்தியது சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற இசைத்தட்டு வியாபாரம்தான். நாடக மேடைப் பாட்டுகள் தட்டில் ஏறின. தேசியப் பாட்டுகளும் ஏறின. கே.பி. சுந்தராம்பாள் பாடியவை அவற்றில் முக்கியமானவை. தியோடர் பாஸ்கரன் 1981-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் நாடகம், சினிமா இவற்றோடு இசைத்தட்டையும் அரசியல் சாதனமாகப் பார்த்தது நம் ஆராய்ச்சியில் ஒரு நல்ல தொடக்கம்.

பெரியப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. செலவுக்கு அஞ்சுகிறவர். ஆனால் ஊசி விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டமாட்டார். பக்கத்து வீடுகளில் ஒரே ஊசியைப் பத்துப் பக்கம் ஓட்டுவார்கள். அந்த வீட்டுத் தட்டுகள் இரண்டே வருஷத்தில் ஊமையாகிவிடும். கிராமபோனின் தலை நூறு கிராமுக்கு மேல் கனம். கத்தியாகிவிட்ட ஊசி அந்தக் கனத்தோடு வரியின் சுவரைச் சீவிக்கொண்டே போகும். இங்கிலாந்தில் சில ரசிகர்கள் இதற்குப் பயந்து மூங்கில் ஊசியும் கள்ளி முள்ளும் உபயோகித்தார்கள். பெரியப்பாவின் வைத்தியம் எளிமையானது. பாட்டுக்கு முன்னால் வெல்வெட் துணியால் வரியோடு ஒரு சுற்று, பக்கத்துக்கு ஒரு புது ஊசி, ஒரு நாளைக்கு ஒரு தட்டை ஒரு தடவைதான்.

அப்படியும் அவருடைய கிட்டப்பா தட்டு ஒன்றில் ஓரிடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை தெரியும். அதை நான் முதலில் பூஞ்சை என்று நினைத்தேன். சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவினேன். போகவில்லை. பிறகுதான் புரிந்தது. உச்ச ஸ்தாயியில் குரல் ஓங்கும் இடத்தில் வரிகள் வேகமாகவும் அகலமாகவும் நெளியும். ஊசி அங்கேதான் அதிகம் இடித்துச் சுவரைத் தேய்க்கும். தேய்ந்த சுவர் ஒளியைச் சிதறடித்துச் சாம்பலாகத் தெரியும். பெரியப்பா இருபது வருஷம் அந்த மேல் பஞ்சமத்துக்காகக் காத்திருந்ததன் தழும்பு அது. பாடியவன் வலுவாகப் பாடிய இடமும் கேட்டவன் விரும்பிக் கேட்ட இடமும் அங்கே ஒன்றாகத் தேய்ந்திருக்கின்றன.

வினைலுக்கு வருவோம். யுத்தம் வந்ததும் இந்தியாவிலிருந்து அரக்கு போவது சிரமமாயிற்று. 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசாங்கம் ராணுவம் சாராத உபயோகத்துக்கு அரக்கை 70 சதவீதம் வெட்டியது. பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதுத் தட்டு என்று அங்கே கடைகள் கேட்டன. எத்தனையோ பழைய பதிவுகள் அப்படி உருக்கப்பட்டுப் புதிய பாட்டுகளாயின. போர்முனைக்கு அனுப்பும் தட்டுகள் வழியில் உடையக் கூடாதென்று 1943-இலிருந்து வினைல் பிசினில் செய்து அனுப்பினார்கள். அந்த அனுபவத்தின் மேல்தான் 1948 ஜூனில் கொலம்பியா கம்பெனி நிமிஷத்துக்கு 33 1/3 சுற்று ஓடும் எல்.பி.யைக் கொண்டுவந்தது. ஒரு பக்கம் மூன்று நிமிஷம் என்பது இருபது நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அரைநிமிஷ ஆலாபனையும் அவசரச் சரணமுமாகக் கீர்த்தனையை நறுக்கவேண்டிய கட்டாயம் போயிற்று.

வினைலில் கல்பொடி இல்லை. ஆகையால் இரைச்சல் மிகக் குறைவு. அதனாலேயே தூசு பெரிய விஷயமாயிற்று. அரக்குத் தட்டில் மழைச் சத்தத்துக்குள் ஒரு தூசியின் சத்தம் தெரியாது. வினைலின் நிசப்தத்தில் ஒவ்வொரு தூசியும் 'டிக்' என்று சொல்லும். அரக்குத் தட்டுக்குரிய ஊசிமுனையின் ஆரம் ஏறத்தாழ 75 மைக்ரான். எல்.பி.க்கு 25, ஸ்டீரியோவுக்கு இன்னும் குறைவு. ஊசியின் கனம் இரண்டு கிராம்தான் என்றாலும் அது தாங்கும் இடம் அவ்வளவு சிறியதாகையால் அங்கே ஏற்படும் அழுத்தம் பயங்கரமானது. வழியில் கிடக்கும் மணல் துணுக்கை அது சுவருக்குள் பதித்துவிட்டுப் போகும். போதாததற்கு வினைல் மின்சாரத்தைக் கடத்தாது. உறையிலிருந்து உருவும்போதே உராய்வில் மின்னேற்றம் கொண்டு காற்றிலுள்ள தூசியையெல்லாம் தன்மேல் இழுத்துக்கொள்ளும். காய்ந்த துணியால் துடைக்கத் துடைக்க அதிகம் ஒட்டும்.

எம்.எஸ். பாடிய வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி. 1963-இல் வந்தது. நம் வீடுகளில் எல்.பி. என்ற பொருளை அறிமுகப்படுத்தியதே பலருக்கு அந்தத் தட்டுதான். தினமும் விடியற்காலையில், தூக்கக் கலக்கத்தில், எண்ணெய் விரலோடு எடுத்து வைக்கப்பட்ட தட்டு. பழைய தட்டுக் கடைகளில் எனக்குக் கிடைத்த பிரதிகள் எல்லாவற்றிலும் ஊதுவத்திச் சாம்பலும் விரல் எண்ணெயும் சேர்ந்த ஒரு படிவம் இருந்தது. ஊரெல்லாம் ஒரே மாதிரி அழுக்கு. 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் அதை நான் மூன்று தடவை வாங்கியிருக்கிறேன்.

இந்தப் படிவத்துக்குத்தான் ஸ்பிரிட் சரி. இங்கிலாந்தில் வானொலி நிலையத் தட்டு நூலகங்களுக்காக 1960களின் இறுதியில் கீத் மாங்க்ஸ் செய்த கழுவும் இயந்திரம், தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைத் தட்டில் பரப்பி, பிறகு ஒரு மெல்லிய குழாயால் வரி வரியாக உறிஞ்சி எடுத்தது. எல்.பி. ரசிகர்களின் கைமருந்துகளெல்லாம் அதன் பிள்ளைகள். நானும் அந்தக் குறிப்பைத்தான் எங்கோ ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்து என் எல்.பி.களில் செய்து பார்த்து, பலித்ததும், கும்பகோணத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு தலைமுறைப் பொருளுக்குரிய சுத்தத்தை முந்தைய தலைமுறைப் பொருளின் மேல் பிரயோகித்ததுதான் என் குற்றம். நம் இலக்கிய விமர்சனத்தில் இது அன்றாடம் நடப்பதாகவே சொல்லலாம்.

இன்று நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் தட்டு எது என்று பார்ப்பது. கனமாக, விறைப்பாக, விரலால் சுண்டினால் ஓட்டுச் சில் போல ஒலித்தால் அரக்கு. வளைந்து கொடுத்தால் வினைல். சந்தேகம் இருந்தால் அரக்கு என்றே வைத்துக்கொள்வது. அரக்குத் தட்டுக்கு ஸ்பிரிட்டும் கூடாது, அமோனியா கலந்த எதுவும் கூடாது. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் வாசனையில்லாத மிதமான சோப்புத் திரவம் இரண்டு சொட்டு. சென்னையில் போர்த் தண்ணீரைத் தொடக்கூடாது. காய்ந்தபின் உப்பு வரியில் நிற்கும், அது தூசியைவிடக் கெடுதல். மென்மயிர்த் தூரிகையை வரியின் போக்கிலேயே செலுத்த வேண்டும், குறுக்கே ஒருபோதும் கூடாது. லேபிளில் ஈரம் படக்கூடாது. விளிம்பு உடைந்த தட்டையும், நடுவில் தாள் வைத்து அடுக்காகச் செய்த தட்டையும் ஊறவிடவே கூடாது. உள்ளேயிருக்கும் பஞ்சும் தாளும் தண்ணீர் குடித்து ஊதிவிடும். பிறகு சுத்தத் தண்ணீரில் ஒரு அலசல், பஞ்சுத் துணியால் ஒற்றியெடுத்து, நிழலில் நிறுத்திக் காயவிடுதல்.

வினைலுக்கும் இதே தண்ணீரும் சோப்பும் போதும். எண்ணெய்ப் படிவம் பிடிவாதமாக இருந்தால் மட்டும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொஞ்சம் சேர்ப்பேன். பி.வி.சி. உறைகளைக் கழற்றி எறிந்துவிடுவேன். அவற்றை மிருதுவாக்கச் சேர்த்த ரசாயனம் நாளடைவில் கசிந்து தட்டில் மங்கலாகப் படியும். இரண்டு வகையும் செங்குத்தாக நிற்க வேண்டும். பிக்கெட், லெம்கோ என்ற இருவர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக 1959-இல் எழுதிய அறிக்கை இதைச் சோதித்துச் சொன்னது. எங்கள் வீட்டில் டிரங்குப் பெட்டியில் படுக்க வைத்து, மேலே வெண்கலப் பாத்திரம் ஏற்றியிருந்தார்கள்.

இந்த வேலையில் பல வருஷம் கழிந்த பிறகு என் புத்தியில் ஒரு பாகுபாடு ஏற்பட்டது. தட்டிலிருந்து வரும் தேவையற்ற சத்தம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, வெளியிலிருந்து வந்தது: தூசு, பூஞ்சை, எண்ணெய். இன்னொன்று, கேட்டதால் வந்தது: அந்தச் சாம்பல் பட்டை. மூன்றாவது, பிறப்பில் வந்தது: கல்பொடியின் மழை. இவற்றில் முதலாவதை மட்டுமே கழுவலாம். மற்ற இரண்டும் குரலோடு ஒரே பொருளில் கலந்தவை.

இப்போது கம்ப்யூட்டரில் மூன்றையும் கழுவித் தருகிறார்கள். நானும் செய்து பார்த்தேன். 'டிக்' சத்தங்களை எடுப்பது வரை குற்றமில்லை. மழைச் சத்தத்தை எடுக்கும்போதுதான் சங்கடம். தனம்மாளின் வீணையைக் கொண்டு பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜார்ஜ் டவுன் வீட்டில் அவர் வாசித்ததைக் கேட்கப் போனவர்கள் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்ததாகச் சொல்வார்கள். அவ்வளவு சன்னமான நாதம். மீட்டிய தந்தியின் ஒலி தேய்ந்துகொண்டே போய்க் கல்பொடியின் இரைச்சலுக்குள் இறங்குகிறது. அந்த எல்லையில் எது தந்தி, எது கல் என்று கணக்குப்போடும் யந்திரத்துக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து அழித்துவிடுகிறது. கமகத்தின் வால் அறுந்துபோகிறது. கழுவிய பிரதியில் தனம்மாள் விட்டு விட்டு வாசிக்கிறவராக, கொஞ்சம் அவசரக்காரராகக்கூடத் தெரிகிறார். இதை மட்டும் கேட்டு நாளைக்கு ஒருவர் அவர் பாணியைப் பற்றிக் கட்டுரை எழுதக்கூடும்.

கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்த உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் 1887-இல்தான், பெர்லினர் காப்புரிமை பெற்ற அதே வருஷம். ஏட்டில் கரியும் எண்ணெயும் தடவினால் கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரியும். தட்டில் அந்தக் கரியே எழுத்து என்பது என்னைப் போன்றவனுக்குத் தெரியாமல் போயிற்று. ஐயரவர்களிடம் நாம் கற்கவேண்டியது அவர் எதைத் தொடவில்லை என்பதை. பாடபேதங்களைக் கொடுத்தார். சிதைந்த இடத்தில் தன் புலமையால் நிரப்பக்கூடியவராக இருந்தும் புள்ளியிட்டு விட்டார். கம்ப்யூட்டரில் கழுவிய இசைத்தட்டு பாடபேதம் காட்டுவதில்லை. கழுவாத பதிவையும் கூடவே வைத்திருந்தாலொழிய அது பதிப்பே ஆகாது.

இதற்கு நேர்மாறான பதிப்பும் அந்த 1887-இலேயே உண்டு. முத்துப்பழனியின் 'ராதிகா சாந்த்வனமு' என்ற தெலுங்குக் காவியம் அவ்வருஷம் அச்சானபோது சிருங்காரப் பாடல்கள் பலவற்றை நீக்கிச் சுத்தம் செய்துதான் போட்டார்கள். முழுப் பாடத்தையும் தேடிச் சேர்த்து 1910-இல் பதிப்பித்தவர் பெங்களூர் நாகரத்னம்மாள். அரசாங்கம் ஆபாசம் என்று அந்தப் புத்தகத்தைத் தடைசெய்தது. 1940களில்தான் தடை நீங்கியது. நாகரத்னம்மாள் பாடகி. கிராமபோன் தட்டுகளில் பாடியவர். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதி கட்டியவர், தேவதாசி மரபில் வந்தவர்.

தொடக்க காலத்தில் தகரக் குழலுக்கு முன் வந்து பாடிய நம் பெண்களில் மிகப் பெரும்பாலோர் அந்த மரபினர். மதிப்பான வித்வான்கள் பலர் தயங்கி நின்ற காலம் அது. பிறகு 1928-இல் மியூசிக் அகாடமி வந்தது. 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் அவசியமானது என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அந்த இருபது வருஷத்தில் சங்கீதத்தைச் 'சுத்தம்' செய்கிற வேலை ஒன்றும் கூடவே நடந்தது. கழுவிய தண்ணீரில் எத்தனை பெயர்கள் போயின என்பதற்குக் கணக்கில்லை. அந்தப் பெயர்களில் பல, தட்டின் கடைசிச் சில சுற்றுகளில் அவர்களே சொல்லிவைத்ததாக மட்டும் மிஞ்சியிருந்தன.

அன்று மத்தியானம் தட்டைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா ரேழிக்கு வந்தாள். பாடினது யார் என்று தெரியுமா என்று கேட்டேன். தட்டைப் பார்த்தாள். "உங்க தாத்தா வாங்கினதுடா. பாட்டி அதைப் பெட்டிக்கு அடியிலேயே போட்டு வெச்சிருப்பா" என்றாள். பேர் தெரியுமா என்று மறுபடி கேட்டேன். "அந்தப் பேரெல்லாம் இப்ப உனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். 1986-இல் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர், கிராமபோன் கம்பெனி 1908 வரை இந்தியாவில் செய்த பதிவுகளின் பட்டியலை 1994-இல் புத்தகமாக வெளியிட்டார். பாடகர் பெயர், பாட்டு, பதிவு எண். தட்டின் எண் தெரிந்திருந்தால் அதில் தேடிப் பார்க்கலாம். எண்ணை லேபிளை ஒட்டிய வழுவழுப்பான வளையத்தில்தான் பொறிப்பார்கள். நான் ஸ்பிரிட் போட்டு அதிகம் தேய்த்ததும் அந்த வளையத்தைத்தான். இன்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இரண்டு இலக்கங்கள் தெரிகின்றன. இரண்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

தட்டு என்னிடம் இருக்கிறது. முக்கால் பாட்டு கேட்கும். அதற்குமேல் ஊசி வழுக்கிவிடும். தனி உறை செய்து, அலமாரியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். உறையின் மேல் பெயர் எழுதும் இடத்தில் ஏழெட்டுப் புள்ளிகள் வைத்து, பக்கத்தில் 'அம்மாள்' என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே, எனக்குப் பிறகு எடுக்கப்போகிறவருக்காக, அரக்கு, ஸ்பிரிட் படக்கூடாது என்று.